திமில் உள்ள விமானம்

மாமா காலமான பிறகு லண்டன் டூட்டிங் வீட்டுப் பரணைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. தகரப் பெட்டி ஒன்றில், மடித்து வைத்த வேட்டிகளுக்கு நடுவே, பழைய பனியன் துணியில் சுற்றிய ஒரு சின்ன விமானம். உள்ளங்கையை விரித்தால் கொஞ்சம் பிதுங்கி நிற்கும் அளவு. முழுக் கறுப்பு.

"அது மாமாவோட ஸ்பிட்ஃபயர்டா, தூக்கிப் போட்டுடாதே" என்றார் அத்தை.

ஸ்பிட்ஃபயர் இல்லை என்பது கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை புன்னை இலை போல இரண்டு ஓரமும் வளைந்து போகும். இதில் ஓரங்கள் நேராகப் போய் நுனியில் மட்டும் உருண்டிருந்தன. அப்படியானால் இது எது?

முதலில் மோந்து பார்த்தேன். காரணம் இருக்கிறது. டூட்டிங்குக்குப் பக்கத்திலேயே மெர்ட்டன். லைன்ஸ் சகோதரர்களின் ட்ரை-ஆங் பொம்மைத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1936 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கிருந்து வெளிவந்த ஃப்ராக் பென்குயின் வரிசையைத்தான் உலகின் முதல் பிளாஸ்டிக் மாடல் விமானங்கள் என்பார்கள். ஃப்ராக்கின் மற்ற விமானங்கள் ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் பறக்கும். இவை பறக்காது, ஆகவே பென்குயின். அவற்றின் செல்லுலோஸ் அசிடேட்டுக்கு வயதானால் இறக்கை அப்பளம் போலக் கோணிக்கொள்ளும், வினிகர் வாடை அடிக்கும். மாமாவின் விமானத்தில் பாச்சை உருண்டை வாடைதான் இருந்தது. இடது இறக்கையின் நுனியில் பெயிண்ட் உரிந்த இடத்தில் மெல்லிய ரேகை ஓடியது. மரம். யாரோ உட்கார்ந்து கையால் செதுக்கியது.

கறுப்பு ஏன் என்பதும் அப்போது புரிந்தது. இரண்டாம் உலகப் போரில் வானத்தைப் பார்த்து நம் விமானமா, எதிரியுடையதா என்று சொல்லப் பழக்குவதற்காக இப்படிப்பட்ட மாதிரிகளைச் செய்தார்கள். வண்ணமும் சின்னமும் கண்ணை ஏமாற்றக் கூடாது, உருவம் மட்டும் மனதில் பதிய வேண்டும் என்று கறுப்பு பூசினார்கள். அளவு 72-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடும் கணக்கு.

ஸ்கேலை வைத்து அளந்தேன். இறக்கை நுனிக்கு நுனி 16.6 சென்டிமீட்டர். 72-ஆல் பெருக்கினால் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹரிக்கேன் சண்டை விமானத்துக்கு 12.2 மீட்டர், கிட்டத்தட்ட அதேதான். சரி, ஹரிக்கேன் என்று முடிவு கட்டப் போனேன். ஆனால் நீளம் இடித்தது. ஹரிக்கேன் என்றால் 13.7 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இது 15. மரம் செதுக்கும் கை இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிசகுமா?

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். விமானியின் கூண்டுக்குப் பின்னால், முதுகில், புளியங்கொட்டை அளவு ஒரு மேடு. காங்கேயம் காளைக்குத் திமில் போல. அதில் பின்பக்கம் பார்த்து நான்கு குண்டூசிகள் செருகப்பட்டிருந்தன. இரண்டு ஒடிந்து துருப்புள்ளிகளாக மிஞ்சியிருந்தன, இரண்டு இன்னும் நேராக நின்றன.

போல்டன் பால் டிஃபையன்ட்! 12 மீட்டர் இறக்கை, 10.8 மீட்டர் நீளம், இரண்டு பேர் போகும் சண்டை விமானம். விமானியின் கையில் துப்பாக்கியே கிடையாது. நான்கு துப்பாக்கிகளும் பின்னாலுள்ள சுழல் கூண்டில், இன்னொருவர் கையில்.

அந்தத் திமிலுக்குப் பின்னால் கத்தி நுனியால் கீறிய மயிரிழைக் கோடு ஒன்றும் இருக்கிறது. நிஜ விமானத்தில் அந்தப் பாகம் தனியானது. காற்றழுத்தத்தால் கீழே இறங்கி, கூண்டு சுழல வழிவிடும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் கோடு தெரியவே தெரியாது, அடையாளம் பழக அது தேவையும் இல்லை. செதுக்கியவர் விமானத்தை நன்றாக அறிந்தவர். அறிந்த ஒன்றை விட்டுவிட மனம் வராதவர். எனக்கு இந்த மாடலிலேயே ஆகப் பிடித்தது அந்தக் கோடுதான்.

நான் செய்த பிழையை 1940 மே மாதம் டன்கர்க் வானில் ஜெர்மன் விமானிகளும் செய்தார்கள். ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து பாய்ந்தவர்களை நான்கு துப்பாக்கிகள் எதிர்கொண்டன. மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக டிஃபையன்ட்களை ஓட்டிய 264-ஆம் படையணி கணக்குச் சொன்னது. அது மிகையான கணக்கு என்று பின்னால் தெரிந்தது. எதிரியும் சீக்கிரமே பாடம் கற்று, முன்னாலிருந்தும் அடிவயிற்றுப் பக்கமிருந்தும் வரத் தொடங்கினான். டிஃபையன்ட்கள் ஏராளமாக விழுந்தன. கூண்டுக்குள் இடுங்கி உட்கார்ந்திருந்தவர் வெளியேறுவது மிகவும் கடினம். அவர்கள்தான் அதிகம் மாண்டார்கள். ஆகஸ்ட் முடிவில் இந்த விமானங்களைப் பகல் சண்டையிலிருந்து விலக்கி, கறுப்பு பூசி, இரவுக் காவலுக்கு மாற்றினார்கள். லண்டன் குண்டுவீச்சில் எரிந்த அந்தக் குளிர்காலத்து இரவுகளில் இவையும் மேலே சுற்றின.

264-ஆம் படையணியின் முழுப்பெயரை அத்தையிடம் சொன்னேன்: 264, மதறாஸ் மாகாணப் படையணி.

"நம்ம மெட்ராஸா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தார்.

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் தெருக்கதவுக்குப் போனேன். நடுவில் ஏழு மீட்டர் இருக்கும்; மாடலின் கணக்கில் அரைக் கிலோமீட்டர். மூக்கு அவரைப் பார்க்கும்படி விமானத்தைத் தூக்கிப் பிடித்தேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றார். மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினேன். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"ஆமாண்டா. திமில் தெரியுது."