முட்டை விலையில் எருவின் கணக்கு

நாமக்கல் முட்டை பள்ளிச் சத்துணவுத் தட்டுக்கும் போகிறது, கேரளத்துக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. மானாவாரி நிலத்தை நம்பியிருந்த பல குடும்பங்களைக் கோழிப்பண்ணை நிமிர்த்தியிருக்கிறது. அந்தத் தொழில் மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன செய்கிறது என்று பார்ப்பவர், நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

நல்லது சிறிதல்ல. மாடும் ஆடும் அசைபோடும்போது மீத்தேன் வெளியாகிறது. கோழிக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும் முட்டைக்கோழி, நல்ல பருவத்தில் கிட்டத்தட்ட தினமும் ஒரு முட்டை இடுகிறது. அதே அளவு புரதத்துக்கு மாட்டிறைச்சி கேட்கும் நிலம் இதைவிடப் பல மடங்கு. கோழி எருவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மாட்டு எருவைவிட அதிகம் என்பதால், விவசாயிகள் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் அந்த எரு ஒரே இடத்தில் மலையாகக் குவிவதில்தான் கேடு தொடங்குகிறது. லட்சம் கோழிகள் உள்ள பண்ணையில் தினமும் சுமார் 10 டன் ஈர எச்சம் விழும். கூண்டுக்கு அடியில் அது காய்ந்து கூம்பாக நின்றால் பெரிய தொல்லை இல்லை. தண்ணீர் நிப்பிள் ஒன்று ஒழுகினாலும், மழைச்சாரல் உள்ளே அடித்தாலும் போதும். ஈரத்தில் யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியா கிளம்புகிறது, புழு நெளிகிறது, வெயில் காலத்தில் பத்தே நாளில் அடுத்த தலைமுறை ஈக்கள் பறக்கின்றன. பக்கத்து ஊரில் சோறு போட்ட தட்டைக் கையால் விசிறிக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறது. மழைநீரோடு இறங்கும் நைட்ரேட் கிணற்றையும் கெடுக்கிறது. கோழிக்குக் கொடுத்த நோய்க்கொல்லி மருந்தின் மிச்சமும், அதற்கு அடங்காத கிருமிகளும் எருவோடு வயலுக்குப் போகின்றன. கோலிஸ்டின் என்ற நோய்க்கொல்லி மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தர 2019இல் இந்திய அரசு விதித்த தடை இந்த ஆபத்தை உணர்ந்து எடுத்த நல்ல முடிவு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 நெறிமுறைகள், 5,000 கோழிகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணைகளையும் இசைவாணைக்குள் கொண்டுவந்தன. தேவையான மாற்றம்தான். ஆனால் எருவை உலர வைப்பது காகிதம் அல்ல. உயரமான செட், ஒழுகாத குழாய், தென்னை நார்க்கழிவு கலந்து மட்கவைக்கும் களம், சாண எரிவாயுக் கலன் என எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். சந்தைக்கு அறிவித்த மொத்த விலையிலும் 'மைனஸ்' என்று தள்ளுபடி கொடுத்துப் பைசாக் கணக்கில் முட்டை விற்கும் பண்ணையாளர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

ஆதாயம் ஊரெங்கும் பரவுகிறது, நாற்றம் மட்டும் பண்ணையடி ஊரின் தலையில் விழுகிறது. இது அநியாயம். சத்துணவுக்குப் பெருமளவில் முட்டை வாங்கும் அரசு, ஒப்பந்தப்புள்ளியிலேயே எரு மேலாண்மையை நிபந்தனையாக வைத்து, அதற்கான செலவையும் விலையில் சேர்த்துத் தர வேண்டும். கடையில் வாங்கும் நாமும் அந்தச் சில பைசாக்களைத் தரக் கடமைப்பட்டவர்கள்.