தியானம் எழுதியவர்களின் பழைய தொழில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தம்பிப்பிள்ளை சாலையில் ஒரு சீனக் கோயில் உண்டு. புத்தர், கன்பூசியஸ், லாவோட்சு மூவரின் வழிக்கும் பொதுவான இடம் அது. கொஞ்சம் நடந்தால் பெர்ஹாலா சாலையில் புத்த மகா விகாரை. 1894-இல் சிங்களவர்கள் தொடங்கிய சங்கத்தினுடையது. துன் சம்பந்தன் சாலையிலோ இலங்கைத் தமிழர் 1904-இல் நிறுவிய விவேகானந்தா ஆசிரமம். கண்ணை மூடி உட்கார இத்தனை வாசல்கள் உள்ள ஊரில், தியானத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எனக்கென்னவோ அவர்களுடைய நடையின் சூட்சுமமே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

சுவாமி சிவானந்தரை எடுத்துக்கொள்வோம். 1887-இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார், ‘அம்ப்ரோசியா’ என்ற மருத்துவ இதழை நடத்தினார், 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பான் பக்கம் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் ஏழாண்டு அளவில் வேலை, பிறகு ஜொகூர். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டவர் மறு ஆண்டு ரிஷிகேசத்தில் காவி கட்டினார். துறவிக்குப் பழைய தொழில் ஒழிந்துபோகும் என்பார்கள். இவருக்கு ஒழியவில்லை. கங்கைக்கரையிலும் மருந்தகம் வைத்து யாத்ரீகர்களுக்கு வைத்தியம் பார்த்தார். முந்நூறு அளவுக்கு வரும் தம் நூல்களிலும் அதையேதான் செய்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழு, இன்னதைச் சாப்பிடு, இவ்வளவு நேரம் உட்கார் என்று எண் போட்டுப் போகும் அறிவுரைகள். அவர் வகுத்த ஆன்மிக நாட்குறிப்பில் எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை மாலை ஜபம், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு என்ன தண்டனை விதித்துக்கொண்டாய் என்று கட்டம் கட்டிக் கேள்விகள் வரும். நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டை மாதிரி. சொன்னதையே திரும்பச் சொல்கிறாரே என்று இலக்கிய வாசகர் சலித்துக்கொள்ளலாம். ஆனால் மலேரியா மலிந்த தோட்டங்களில் வைத்தியம் பார்த்தவருக்கு, ஒரு தடவை சொன்னால் யாரும் மருந்து சாப்பிடமாட்டார்கள் என்று தெரியாமலா இருக்கும்? அவர் பெயரில் இன்று பத்துமலையில் ஆசிரமம் இருக்கிறது.

கே. ஸ்ரீ தம்மானந்தர் வேறு ரகம். மாத்தறைப் பகுதிக் கிராமத்தில் 1919-இல் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் படித்து, 1952-இல் பிரிக்பீல்ட்ஸ் விகாரைக்கு வந்து சேர்ந்தார். அது மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம். சீனக் குடியேறிகளை முள்வேலிக்குள் அடைத்த புதுக்கிராமங்களுக்குப் போய்ப் பேசும்படி ஆங்கில அரசு அவரைக் கேட்டுக்கொண்டது. குடும்பம், கடன், பயம் என்று கேள்வியோடு நிற்கும் கூட்டத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவரின் எழுத்து அப்படித்தான் அமையும்: சின்னப் புத்தகம், நேரான வாக்கியம், கவலையிலிருந்து தொடங்கி மூச்சுக்கு வருவது. 1962-இல் பௌத்த மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, 2006-இல் காலமாகும்வரை அச்சுக்கூடத்தை அவர் ஓயவிடவில்லை.

பூச்சோங் சாலை ஆறாம் மைலில் 1949-இல் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தரின் பணியோ ஏட்டைவிட ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தில்தான் கூடுதலாக நிலைத்தது. 1961-இல் அவர் மறைந்தபின் மதர் மங்களம் 2023 வரை அதைக் காத்தார்.

தாவோ வழிக்கு வந்தால் அலமாரி சட்டென்று மெலிகிறது. கோயில்களுக்குக் குறைவில்லை: கோலாலம்பூர்ச் சீனர் தலைவர் யாப் ஆ லோய் 1864-இல் எழுப்பிய சின் சே சீ யா இருக்கிறது, அம்பாங்கில் ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி, சைவம் உண்டு கூடும் ஜனங்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தாய்ச்சி, சீகோங் பற்றி விரிவாக எழுதிய மலேசியர் வோங் கியூ கிட்டோ கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வெளியே, சுங்கை பட்டாணிக்காரர். அவருடைய வேர் ஷாவ்லின் குங்பூ. அதனால் அவரிடம் தியானம் காலை ஊன்றி நிற்பதோடு ஒட்டியே வருகிறது.

தாவோ தியானத்தில் மூச்சை முதுகுத்தண்டு வழியே ஏற்றி, முன்பக்கமாக இறக்கி, தொப்புளுக்குக் கீழே சேர்க்கிறார்கள். நம்மவருக்குத் திருமூலர் நினைவு வரும். சித்தர் போகர் சீனம் போனார், இல்லை அங்கிருந்தே வந்தார் என்ற பேச்சும் கிளம்பும். அந்தக் கதையைச் சரித்திரமாக்கப் போதிய சான்றில்லை. ஆனால் சித்தர், தாவோ ஆகிய இரு மரபும் பாதரசத்தையும் சாதிலிங்கத்தையும் புடம் போட்டவை, பிறகு அந்த உலையை உடம்புக்குள்ளேயே கண்டவை. இரண்டும் செய்முறையின் முக்கியமான இடத்தில் பரிபாஷை என்ற மறைமொழிக்குள் போய் மறைந்து, குருவைக் கேள் என்று நிறுத்திவிடும். வைத்தியரும் பிக்குவும் பார்க்காத வாசகருக்கே தைரியமாக எழுதிக் கொடுத்தார்கள். தாவோ ஆசானுக்கோ சீடனின் நாடியைக் கையால் தொட்டுப் பார்த்தாகவேண்டும்.