வந்த பறவையும் எழுப்பிய பறவையும்

"உந்தத் தீவுக்குள்ள என்னத்தைத் தம்பி படம் எடுக்கிறியள், யானையோ சிறுத்தையோ?" சுருவில் கரையில் கமெராவோடு நிற்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. ஊரவர் கேட்டால் பரவாயில்லை. கொக்கும் நாரையும் அவர்களுக்கு விடிந்தால் பார்க்கிற முகங்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்துகொண்டு, கழுத்தில் கமெராவையும் தொங்கவிட்டுக்கொண்டு இதைக் கேட்கிறவர்களைத்தான் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. அவர்களுக்கு வனவிலங்கு என்றால் யால. அங்கே ஒரு சிறுத்தைக்கு வரிசையாக ஜீப். பக்கத்து ஜீப்பில் இருந்தவர் எடுத்த படத்துக்கும் உங்கள் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள், லென்சின் விலையைச் சொல்வார்கள். பண்ணைப் பாலத்தில் ஏறி அல்லைப்பிட்டி, வேலணை தாண்டினால் சுருவில் எட்டாத தூரமில்லை. ஆனால் வரமாட்டார்கள்.

இதை நான் அவர்களுக்கு எழுதவில்லை. கமெராவே இல்லாத, சிநேகிதர் ஒருவர் பேஸ்புக்கில் போட்ட பறவைப் படத்துக்குக் கீழே "சூப்பர்" என்று எழுதிவிட்டு நகர்கிற உங்களுக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், வங்கியில் வேலை செய்கிறவர், கடை வைத்திருக்கிறவர் என்று பலபேர் சனி ஞாயிறில் சொந்தக் காசில் போய் எடுக்கிற படங்கள் இப்போது நிறைய வருகின்றன. எடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பார்க்கத் தெரிந்தவர்கள் பெருகவில்லை.

அடிப்படையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். முதலில் கண்ணைப் பாருங்கள். கண் கூர்மையாக விழாத படத்தில் மற்றதெல்லாம் கூர்மையாக இருந்தும் பிரயோசனமில்லை. கமெரா எந்த உயரத்தில் இருந்தது என்று பாருங்கள். சேற்றில் ஓடுகிற உப்புக்கொத்தியை நின்ற நிலையில் எடுத்தால் முதுகுதான் வரும், படுத்து எடுத்தால் பறவை வரும். பறக்கிற பறவையை உறைய வைக்க ஷட்டர் ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓடவேண்டும். உச்சி வெயிலில் எடுத்த வெள்ளைக் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டு. ஆகவே காலை, இல்லாவிட்டால் பின்னேரம். இவ்வளவுதான். மிச்சத்தை யூடியூப்பில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், கமெரா நுட்பத்தைத் தவிர வேறொன்றும் சொல்கிறார்களில்லை என்பதுதான் என் மனக்குறை.

பருவத்தையும் சொல்லவேண்டும். பூநாரை, ஊசிவால் வாத்து, மூக்கன், கோட்டான், உள்ளான் வகைகள் எல்லாம் புரட்டாதிக்குப் பிறகு வந்து சேர்ந்து பங்குனி, சித்திரையில் கலைந்துபோகும். மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் நாங்கள் இருக்கிறோம். இலங்கைக்குக் கீழே போனால் சமுத்திரம்தான். வெளிநாட்டில் இருந்து ஆடி, ஆவணியில் திருவிழாவுக்கு வந்து, சோளகக் காற்றில் வெறுங்கரையைப் பார்த்துவிட்டு "முந்தி மாதிரிப் பறவையள் இல்லை" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இந்தப் பந்தியை வெட்டி அனுப்பிவைக்கலாம். முந்தியும் ஆவணியில் அவற்றில் பெரும்பாலானவை வடக்கே தூரத்தில்தான் இருந்தன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் வேலிகளிலும் வடலிகளுக்குள்ளும் திரிகிற கௌதாரியும் இரட்டைவால் கரிக்குருவியும் இலங்கையின் தெற்கில் கிடையாது. வடக்கு, வடமேற்கு வறண்ட பக்கத்துக்கே உரியவை. கொழும்பில் இருந்து ஆட்கள் அதற்காகவே வண்டி பிடித்து வருகிறார்கள். நாங்கள் யாலவுக்கு வண்டி பிடிக்கிறோம்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். வனவிலங்குப் படங்களில் இரண்டே இரண்டு வகைதான் உண்டு. வந்த பறவை, எழுப்பிய பறவை. போட்டிகளில் நடுவர்களாக இருக்கிறவர்கள் உருவப்படம், செயற்படம், சூழற்படம் என்று நாலைந்து பெட்டி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் சான்றிதழ் அச்சடிக்க உதவும். நீங்கள் ஒரு படத்தைப் பார்த்துக் கேட்கவேண்டியது, இந்தப் பறவை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததா, இல்லை படம் எடுத்தவருக்காகத் தன் வேலையை விட்டதா என்பதைத்தான்.

இது படத்திலேயே தெரியும். காற்றில் தொடங்குங்கள். பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். கரையில் கூட்டமாக ஓய்ந்து நிற்கும்போதும் பெரும்பாலும் காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பித்தான் நிற்கும், இல்லாவிட்டால் இறகுக்குள் காற்றுப் புகுந்து கலைத்துவிடும். மார்கழி, தையில் வாடை வீசும்போது கூட்டம் முழுக்க வடகிழக்கைப் பார்த்தபடி இருக்கும். அந்த மாதங்களில் சூரியன் கிளம்புவது தென்கிழக்கில். ஆகவே வாடையை முதுகில் வாங்கிக்கொண்டு இருக்கிறவருக்குப் பறவைகளின் முகம் நேரே கிடைக்கும், வெயில் பக்கவாட்டில் விழுந்து இறகின் ஒவ்வொரு வரியையும் காட்டும். அங்கே அசையாமல் இருந்தால், இறங்குகிற பறவை அவர் முகத்துக்கு நேரே காலை நீட்டிக்கொண்டு இறங்கும். நெடுங்கால் உள்ளான் சிவந்த காலை முன்னே நீட்டி, செட்டையை விரித்து, கமெராவைப் பார்த்து வருகிற படம் கண்டால், எடுத்தவருக்குக் காற்றுத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். கூட்டம் முழுக்க வாலையும் முதுகையும் காட்டிக்கொண்டு போகிற படம் கண்டால், யாரோ அதை நோக்கி நடந்திருக்கிறார் என்று அர்த்தம். அதற்குக் கீழே "சுதந்திரம்" என்று தலைப்பு வேறு போட்டிருப்பார்கள்.

அடுத்தது கழுத்து. பூநாரை சாப்பிடும்போது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளி வடிக்கும். காலால் சேற்றை மிதித்து வட்டம் போடும். தலை கீழே இருக்கிற பூநாரை நிம்மதியான பூநாரை. எல்லாக் கழுத்தும் நிமிர்ந்து, எல்லாக் காலும் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தால் அடுத்த நிமிடம் அது எழும்பப் போகிறது. கழுத்தை நிமிர்த்தித் தலையை இருபக்கமும் வெட்டி வெட்டித் திருப்புகிற ஆட்டம் ஒன்றும் அதற்கு உண்டு, அது சோடி சேருகிற காலத்துச் சங்கதி. இரண்டையும் குழப்பாதீர்கள். ஆட்டத்தில் தலைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பும். பயத்தில் ஒரே பக்கம்.

பூநாரையின் செட்டைக்குள் இருக்கிற சிவப்பும் கறுப்பும் அது பறந்தால்தான் வடிவாகத் தெரியும். நிற்கும்போது வெளிறிய ரோஸ். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் பாவம் அவ்வளவு படுகிறது. சிவப்பு வேண்டும், ஆகவே எழும்பவேண்டும், ஆகவே கல்லெறி, கைதட்டு, இப்போது ட்ரோன். தண்ணீரில் பல அடி ஓடித்தான் அதனால் மேலே எழும்ப முடியும். அந்த ஓட்டத்துக்குச் செலவாகிற தீனியை மறுபடி சேற்றில் வடித்துத்தான் எடுக்கவேண்டும். ட்ரோனில் இருந்து எடுத்த சிவப்புப் படங்களை நான் பார்ப்பதேயில்லை. எவ்வளவு "லைக்" விழுந்தாலும் அது விரட்டலின் படம். பூநாரை தானாக இடம் மாறுகிற நேரமும் உண்டு. நீர் வற்றி, பெருகி, தீனி நகரும்போது அதுவும் நகரும். அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மூன்று நாள் சுற்றுலாவில் வருகிற தொழில்முறைக்காரருக்கு அது முடியாது. சுருவிலில் வீடும் சைக்கிளும் உள்ள ஒரு பொடியனால் முடியும். இந்தக் கலையில் உள்ளூர் அமெச்சூருக்கு இருக்கிற பெரிய சொத்து இந்த நேரம்தான். அதை விட்டுவிட்டு அவர்கள் பெரிய லென்சுக்குக் காசு சேர்க்கிறார்கள்.

களங்கட்டி வலைக்குப் போகிற தொழிலாளியைக் கவனித்துப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் பறவைக்குக் கிட்டவாகவே போவார், பறவை தலையைத் தூக்காது. அவர் அதைக் கடந்து போகிறார், அதை நோக்கிப் போகவில்லை. தரவையில் மேய்கிற மாட்டுக்கும் இதே மரியாதைதான். இங்கிலாந்தில் 1892இலேயே குருவிக் கூட்டை முட்டைகளோடு படம் பிடித்த ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் பிற்பாடு ஒரு மாட்டுத் தோலுக்குள் கூடு செய்து, அதற்குள் புகுந்திருந்து படம் எடுத்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கலாம். எனக்கு அவர்கள்மேல் பொறாமை.

எழுப்பிய படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு உலகமே பார்த்த ஒரு பாடம் இருக்கிறது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009ஆம் ஆண்டுப் போட்டியில், இரவில் ஒரு ஓநாய் படலையைத் தாண்டிப் பாய்கிற ஸ்பெயின் நாட்டுப் படம் முதற்பரிசு பெற்றது. அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்து 2010 சனவரியில் பரிசைத் திரும்ப வாங்கினார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். எனக்குப் பிடித்தது அப்போது எழுந்த ஒரு கேள்வி: படலைக் கம்புகளுக்கு இடையால் நுழைந்து போகக்கூடிய காட்டு ஓநாய், எதற்காக மெனக்கெட்டுப் பாயவேண்டும்? இந்தக் கேள்விக்குக் கமெரா அறிவு தேவையில்லை, ஓநாய் எப்படிப்பட்ட பிராணி என்று தெரிந்தால் போதும். நீங்களும் இப்படித்தான் கேட்கவேண்டும்.

கரையோரத்தில் ஆட்காட்டியோ உப்புக்கொத்தியோ ஒரு செட்டையைத் தொங்கவிட்டுத் தரையில் இழுபடுகிற படம் வரும். "நடனம்" என்று எழுதியிருப்பார்கள். கூட்டுக்குக் கிட்ட ஆள் வந்துவிட்டது, செட்டை முறிந்தமாதிரி நடித்து ஆளை வேறு பக்கம் இழுக்கிறது தாய். படம் எடுத்தவர் முட்டையை மிதிக்கிற தூரத்தில் நிற்கிறார். அதற்குக் கை தட்டாதீர்கள்.

நாகரிகங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பின்னணியை முழுக்கக் கரைத்து, பறவையின் முகத்தை மட்டும் நிரப்புகிற பாணி இப்போது கொடிகட்டிப் பறக்கிறது. கடவுச்சீட்டுப் படம்தான் அது. எந்த ஊர், எந்தச் சேறு, எந்தக் காற்று ஒன்றும் தெரியாது, காலும் இருக்காது. கால் எவ்வளவு முக்கியம் தெரியுமா? 1915இல் விவரிக்கப்பட்டு, பிறகு இன்னொரு இனத்துக்குள் அடங்கிக் கிடந்த ஒரு சின்ன உப்புக்கொத்தியை, மன்னாரில் ஆய்வு செய்த கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2023இல் தனி இனம் என்று காட்டினார்கள். ராமர் அணைக் கரையோரப் பறவை என்பதால் அனுமன் பெயரை வைத்திருக்கிறார்கள். அதை மற்றதில் இருந்து பிரிக்கிற அடையாளங்களில் ஒன்று காலின் நிறம். முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் போடுகிறவர்கள் இந்தப் பறவையை எத்தனை தடவை வெட்டி எறிந்தார்களோ.

எழுத்தாளர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்களைத் தேடிப் பாருங்கள். தானே பல பாகங்களைப் பொருத்திச் செய்த பெரிய கமெரா ஒன்றுக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையை விட்டு அசையாதவர். அவர் படத்தில் யானை நிற்கிற புல்லும் தெரியும், புல்லுக்குப் பின்னால் உள்ள மரமும் தெரியும். இன்று அவரே வந்து இன்ஸ்டகிராமில் போட்டாலும் "பின்னணி அலங்கோலமாக இருக்கு அங்கிள்" என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

இனிச் சொல்லப்போவது நமக்குள் இருக்கட்டும். வந்தது, எழுப்பியது என்ற இந்தப் பிரிப்பு எங்கே இடறுகிறது என்று எனக்குத் தெரியும். மீன்கரையில் கழிவைக் கொட்டும்போது செம்பருந்தும் கடற்காகமும் குவியும். அந்தப் படம் எந்த வகை? என் சிநேகிதர் ஒருவர், தீனிக்கு வந்தது வந்ததாகாது என்று அடித்துச் சொல்கிறார். பறவை வரவேண்டும் என்பதற்காகவே படம் எடுக்கிறவர் பாணோ மீன் தலையோ எறிந்திருந்தால் நானும் அவர் பக்கம்தான், அது கூலிக்கு வந்த பறவை. ஆனால் மீன்காரர் தன் வேலைக்காகக் கொட்டுகிறார், பருந்து தன் வேலைக்காக வருகிறது, நடுவில் கமெராக்காரருக்கு ஒரு அலுவலும் இல்லை. ஆகவே அது வந்த பறவைதான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தை பிறந்ததும் ஒரு காலையில் வாருங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். மீன்கரையில் அவரும் நிற்பார், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.