தொல்வரலாற்றுத் தேர்வும் அறிவினாவும்

தேர்வு என்பது கற்றதனை அளக்கும் கருவி என்பர். அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளின் இயல்புக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். நெல்லை அளக்கும் மரக்காலால் துணியை அளத்தல் இயலாது. வரலாற்றுக் கல்விக்கு, அதனுள்ளும் சான்றுகள் அருகியும் சிதைந்தும் கிடைக்கின்ற தொல்வரலாற்றுக் கல்விக்கு, எத்தகைய வினா பொருந்தும், அவ்வினாவை எதிர்கொள்ள மாணவர் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளுதல் வேண்டும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆஸ்திரேலிய நாட்டு நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் பள்ளி இறுதித் தேர்வினை ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். அங்குத் தொல்வரலாறு, தற்கால வரலாற்றினின்றும் பிரிந்து தனிப் பாடமாக நிற்பதும், சான்றுகளை ஆராயும் திறன் அப்பாடத்தின் நோக்கங்களுள் தலையாயதாக வைக்கப்பட்டிருப்பதும் இத்தெரிவுக்குக் காரணங்களாம்.

தேர்வின் அமைப்பு

2017ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று, 2019இல் முதன்முதல் தேர்வுக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, வினாத்தாள் 3 மணி நேரத்திற்குரியது. மொத்த மதிப்பெண் 100, பகுதிகள் நான்கு, பகுதி ஒன்றுக்கு 25 மதிப்பெண். முதற்பகுதி, வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் புதைத்த பொம்பேயி, ஹெர்குலேனியம் என்னும் நகரங்களைப் பற்றியது. இஃது எல்லார்க்கும் பொது. ஏனைய மூன்றும் முறையே ஒரு தொல் சமுதாயம், ஒரு தனிமனிதர், ஒரு காலப்பகுதி என்பன பற்றியவை. தனிமனிதர் வரிசையில் எகிப்திய அரசி ஹட்செப்சுட், பாரசீக வேந்தன் செர்க்சிஸ், உரோமப் பேரரசி இளைய அக்ரிப்பினா போல்வார் இடம்பெறுவர். முதற்பகுதியில் சான்றுகள் அச்சிட்டு மாணவர் கையிலேயே தரப்படுகின்றன. இந்த வேறுபாடு கருதத்தக்கது. பின்னர் இதற்கு மீள்வோம்.

வினாவின் இயல்பு

நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தமை யாவரும் அறிந்ததே. அவற்றுள் முதலாவது அறிவினா. தான் அறிந்த ஒன்றை மற்றவன் அறிவானோ எனத் தெரிந்துகொள்ளும்பொருட்டு வினவுவது அது. ஆசிரியன் மாணாக்கனை வினவுவது இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பெறும். தேர்வு வினா யாவும் அறிவினாவே என்று நாம் இயல்பாகக் கொண்டுவிடுகின்றோம். வினவுவோனிடம் விடை முன்னரே உளது. அதனை அவ்வாறே திருப்பித் தருதல் நம் கடன் என்பது இக்கொள்கையின் உட்கிடை. முன்னரே எழுதி நெட்டுருச் செய்த கட்டுரைகளோடு தேர்வுக்கூடம் புகும் வழக்கம் பல நாடுகளிலும் பரவியிருத்தற்கு இதுவே வேர்.

ஆயின், ‘இச்சான்றுகள் பொம்பேயி மக்களின் வாழ்வை அறிதற்கு எத்துணைப் பயன்படும்’ என்பது போன்றதொரு வினாவை நோக்குக. இதற்கு ஒரே விடை வினவுவோனிடத்தும் இல்லை. அவன் அறிய விரும்புவது விடையை அன்று. விடையை நோக்கி மாணவன் நடக்கும் நெறியை. வடிவில் அறிவினாவாகத் தோன்றினும் இது பொருளில் ஐயவினாவை ஒத்தது. ஐயவினாவிற்கு அறிவினாவின் விடையைத் தருதலே இத்தேர்வில் நேரும் பிழைகளுள் பெரியது என்பது யாம் நிறுவ முற்படும் கருத்து.

சான்று பெயர்தல்

நெட்டுருச் செய்த விடை எவ்வாறு தவறுகின்றது என்பதற்கு முதற்பகுதியிலேயே எடுத்துக்காட்டுகள் உள. எரிமலை வெடித்த நாள் ஆகஸ்டு 24 என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. இதற்கு அடிப்படை, இளைய பிளினி வரலாற்றாசிரியர் டாசிட்டசுக்கு எழுதிய கடிதம். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டிற்குப் பின்னர் எழுதப்பட்டது அது. அதன் கையெழுத்துச் சுவடிகளும் நாளைக் குறிப்பதில் ஒத்திலங்கவில்லை. பாடவேறுபாட்டின் தன்மையை ஏட்டுச் சுவடிகளால் அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இது புதியதன்று. இலையுதிர் காலத்துக் கனிகளும், குளிர்காயும் கணப்புச் சட்டிகளும் அகழ்வில் கிடைத்தமையால் அந்நாள் முன்னரே ஐயுறப்பட்டது. 2018இல் பொம்பேயியின் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு ஒன்று வெளிப்பட்டது. அது அக்டோபர் 17ஆம் நாளைச் சுட்டுகின்றது. எளிதில் அழியக்கூடிய கரியெழுத்தாதலின் வெடிப்பிற்குச் சிறிது முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்று பலர் கருதினர். எனினும் அக்குறிப்பில் ஆண்டு இல்லை. ஆகவே ஆகஸ்டு என்று மட்டும் எழுதும் மாணவனும், அக்டோபர் என்று மட்டும் எழுதும் மாணவனும் ஒரு நிலையினரே. இரண்டற்கும் உரிய சான்றினை எடைபோட்டு இன்னது வலியுடைத்து என்பவனே தொல்வரலாறு கற்றவன்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இதனினும் அழுத்தமானது. இறுகிய சாம்பலில் உடல்கள் அழிந்து விட்ட வெற்றிடங்களுள் சாந்துக் குழம்பை ஊற்றி உருவங்களை மீட்கும் முறையை 1863இல் ஃபியொரெல்லி மேற்கொண்டார். அவ்வாறு கிடைத்த உருவங்களுள், பொற்காப்பு அணிந்து மடியில் குழந்தையோடு காணப்பட்ட ஒருவர் தாய் என்றே கொள்ளப்பட்டார். 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு அவர் ஓர் ஆண் எனவும், அக்குழந்தைக்கும் அவருக்கும் குருதி உறவு இல்லை எனவும் காட்டிற்று. காப்பும் மடியும் சேர்ந்து தாய் என்னும் முடிவைத் தந்தன. முடிவைத் தந்தது சான்றன்று, நம் எதிர்பார்ப்பே என்பது இப்பொழுது புலனாகின்றது. அவ்வுருவத்தைத் தாய்மையின் சின்னமாக மனப்பாடம் செய்த கட்டுரை ஒரே நாளில் பொய்யாயிற்று. சான்றிற்கும் அதன்மேல் ஏற்றிய பொருளுக்கும் இடையே உள்ள தொலைவை முன்னரே குறித்துவைத்த மாணவனுக்கோ இப்புதுச் செய்தி மற்றுமொரு சான்றாகப் பயன்படும்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. 1938இல் பொம்பேயியில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் முதலில் இலக்குமி எனப் பெயர் பெற்றது. இயக்கி என்று கொள்வதே பொருந்தும் எனப் பின்னர் அறிஞர் பலர் கருதினர். உரோம வாணிகத்திற்கு அதனைச் சான்றாக எழுதும் மாணவன், பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பின் அதன் சிக்கலை இழந்தவனாகிறான்.

தனிமனிதர் பகுதியிலும் இவ்வாறே. ஹட்செப்சுட்டின் பெயரும் உருவமும் அழிக்கப்பட்டமைக்கு மூன்றாம் தட்மோசிஸ் கொண்ட பகையே காரணம் என முன்னர் எழுதினர். அவ்வழிப்பு அவள் இறந்து சற்றேறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, அவனது ஆட்சியின் பிற்பகுதியில் நிகழ்ந்தது எனத் தெரிந்தபின் பகை என்னும் விளக்கம் தளர்ந்தது. கொதிக்கும் சினம் இருபது ஆண்டுகள் காத்திருக்குமோ என்று ஒரு மாணவன் வினவுவானாயின், அவ்வினாவே நல்ல விடையின் பாதி எனலாம்.

நினைவாற்றலின் இடம்

இதனால் நினைவாற்றல் வேண்டா என்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. எடைபோடுவோனுக்குத் தராசு வேண்டும். தட்டில் வைக்கும் பொருளும் வேண்டும். டாசிட்டஸ், சூட்டோனியஸ், டியோ ஆகியோர் அக்ரிப்பினாவைப் பற்றி எழுதியது கி.பி. 59இல் அவள் கொலையுண்டபின் என்பதும், அவள் தானே எழுதிய நினைவுக் குறிப்புகள் அழிந்துவிட்டன என்பதும் நெஞ்சில் நின்றாலன்றி அவளைப் பற்றிய பழிகளை மதிப்பிடல் இயலாது. நெட்டுருச் செய்யத்தக்கன சான்றும், அதன் காலமும், அதனை எழுதியோன் நிலையுமே, முடிவுகள் அல்ல. முடிவு தேர்வுக்கூடத்தில் வினாவை நோக்கிப் பிறத்தல் வேண்டும்.

ஈண்டுத் தேர்வின் மீதும் ஒரு குறை கூறவேண்டியுள்ளது. பகுதி ஒன்றுக்குக் கிடைக்கும் காலம் 45 நிமிடங்கள். அதற்குள் வினாவை ஆராய்ந்து, சான்றுகளை நினைவிலிருந்து திரட்டி, ஒழுங்குபடுத்தி, எழுதி முடிக்கவேண்டிய மாணவன் ஆயத்த விடையை நாடுதல் வியப்பன்று. முதற்பகுதி சான்றினைக் கையில் கொடுத்து எடைபோடச் சொல்கின்றது. ஆகவே பாடத்தின் இயல்புக்கு அது நேரானது. காலப்பகுதி பற்றிய கட்டுரையோ பொதுவாகச் சான்றின்றியே கேட்கப்படுகின்றது. ஐயவினாவைக் கேட்டு அறிவினாவிற்குரிய சூழலை அமைத்தால் பழியை மாணவர்மீது மட்டும் சுமத்துதல் முறையாகாது. அங்கும் இரண்டொரு பகுதிகளை அச்சிட்டுத் தருவதே நேர்மையாகும் என்பது எம் கருத்து.

பயிலும் முறை

ஆயத்தம் செய்யும் முறைக்கு நன்னூலே வழிகாட்டுகின்றது. ஆசிரியன்பால் கேட்டதனால் கால் பங்கும், உடன் பயில்வாரோடு பழகுதலால் கால் பங்கும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் வரும் என்பது அதன் கருத்து. தொல்வரலாற்றிற்கு இஃது அப்படியே பொருந்தும். ஆகஸ்டுக்கு ஒருவரும் அக்டோபருக்கு ஒருவரும் வாதாடி, பின் கட்சி மாறி வாதாடுவராயின், ஒரு பிற்பகலில் பெறும் பயிற்சி பல நாள் நெட்டுருவினும் மேம்பட்டது. அதன்பின் 45 நிமிட எல்லையுள் எழுதிப் பழகுதலும் இன்றியமையாதது.

தேர்வுக்கூடத்து அச்சம் பற்றியும் ஒரு சொல். ஒரு விடையை மட்டும் சுமந்து செல்வோனுக்கு வினாவில் ஒரு சொல் மாறினும் எல்லாம் சரிந்துவிடும். சான்றுகளைச் சுமந்து செல்வோனுக்கு அடுக்கும் முறையே மாறும். அறியாத சான்று எதிர்ப்படினும் யார், எப்பொழுது, யார்பொருட்டுச் செய்தது, எதனைச் சொல்லாமல் விட்டது என வினவத் தெரிந்தவன் வெறுங்கையன் அல்லன். ‘விவரி’ என்பதற்கும் ‘மதிப்பிடு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண முதலில் தரப்படும் 5 நிமிட வாசிப்புக் காலத்தைச் செலவிடுதல் அச்சத்திற்குச் சிறந்த மருந்து. இறுதி மதிப்பில் ஒரு பாதி பள்ளி ஆண்டு முழுவதும் நடத்தும் மதிப்பீட்டால் வருவது என்பதும் ஆறுதல் தரத்தக்கதே.

முடிபு

வெசூவியஸ் வெடித்தபொழுது மிசேனத்தில் இருந்த பிளினிக்கு அகவை பதினேழு. இத்தேர்வு எழுதும் மாணவர் அகவையே அது. நிலம் நடுங்கிய வேளையில் லிவியின் நூலை வரவழைத்துக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்ததாக அவர் தாமே எழுதுகின்றார். அன்று அவர் எடுத்த குறிப்பு எதனையும் உலகம் அறியாது. பொருட்படுத்தியது அவர் கண்டதையும், கேட்டதையும், உறுதியில்லாததையும் பிற்காலத்தில் எழுதியதையே. அவர் சான்றினையும் நாள்தோறும் ஐயுற்று ஆராய்கின்றோம். அவ்வையத்தை மாணவர்க்குப் பழக்குவது தொல்வரலாற்றுக் கல்வியின் பயன். அதனை அளப்பது தேர்வின் கடன். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் அளவிற்கே ஒரு வினாத்தாள் சிறந்ததாகும் என்பது இவ்வாய்வின் முடிபு.