நாவும் கையும்: மொழித் தோற்றக் கொள்கைகள் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் மொழியை எவ்வாறு பெற்றான் என்னும் வினா மிகப் பழையது. எகிப்திய மன்னன் ஒருவன் இரு குழந்தைகளை மனிதப் பேச்சு எட்டாவண்ணம் ஓர் ஆட்டிடையனிடம் வளர்க்கவிட்டான் என்றும், அவர்கள் முதலிற் கூறிய சொல் ‘பெக்கொஸ்’ என்றும், பிரிஜிய மொழியில் அது உரொட்டியைக் குறித்தலால் பிரிஜியரே எகிப்தியரினும் தொன்மையர் என மன்னன் ஒப்புக்கொண்டான் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். ஆடுகளிடையே வளர்ந்த குழந்தைகள் ஆட்டின் கத்தலையே திருப்பிக் கூறியிருக்கலாமன்றோ என்று பிற்காலத்தார் நகையாடினர். பதினாறாம் நூற்றாண்டில் மொகலாயப் பேரரசர் அக்பரும் இத்தகைய சோதனையொன்றை நடத்தினார். பேசாச் செவிலியரிடையே வளர்க்கப்பட்ட குழந்தைகள் ஈற்றில் பேச்சற்றவராகவே காணப்பட்டனர்.

இவ்விரு மன்னரும் காலத்தாலும் நாட்டாலும் வேறுபட்டவர். எனினும் ஒரு நம்பிக்கை இருவர்க்கும் பொதுவாயிருந்தது. மொழியென்பது வாயினின்றே வருதல் வேண்டும் என்பதே அது. குழந்தைகளின் வாயையே அரசவை நோக்கியது. அவர்தம் கைகள் என் செய்தன என்பது வினாவாக எழவேயில்லை. பின்னர் வந்த அறிஞர் பலரும் இதே நம்பிக்கையை ஆராயாமலே ஏற்றுக்கொண்டனர். ஏட்டளவில் நின்றிருப்பின் இப்பிழையாற் பெருந்தீங்கு நேர்ந்திராது. அது பாடசாலைகளுட் புகுந்தமையே துயரம்.

மொழி இறைவனால் நேரே அருளப்பட்டதென்று சுஸ்மில்க் என்னும் ஜேர்மானியர் 1766 இல் நூல் வெளியிட்டார். மூன்றாண்டின் பின் பேர்லின் கலைக்கழகம், மனிதர் தம் இயற்கை ஆற்றல் ஒன்றையே துணைக்கொண்டு மொழியை ஆக்கியிருத்தல் கூடுமோ என வினவிப் பரிசுப் போட்டியொன்றை அறிவித்தது. பரிசு பெற்ற கட்டுரை ஹேர்டர் என்பாருடையது. அது 1772 இல் அச்சேறியது. அதன் நடுவண் நிற்பது ஓர் ஆடு. ஆதிமனிதன் ஆட்டைக் காண்கிறான், அதன் வெண்மையும் மென்மையும் அவன் கருத்திற் பதியவில்லை, அது கத்துகிறது. மறுமுறை கத்தக் கேட்டவுடன் ‘கத்துவது இதுவே’ என உள்ளத்தில் அடையாளங் கொள்கிறான். அவ்வடையாளமே முதற்சொல் என்பது ஹேர்டரின் கொள்கை.

இக்கட்டுரையின் சிறப்பும் குறையும் இவ்விடத்திலேயே உள. பொருளைப் பிரித்தறிந்து அதற்கோர் அடையாளம் அமைக்கும் ஆற்றலே மொழியின் வேர் என்றும், வாய் திறவாதவனிடத்தும் அவ்வாற்றல் உண்டென்றும் ஹேர்டர் தெளிவாகக் கூறுகின்றார். இஃது ஆழ்ந்த கருத்து. ஆயின், அடுத்த பக்கங்களிலேயே செவிதான் மொழியின் முதலாசிரியன் என்று முடிவு கட்டுகின்றார். அடையாளம் உள்ளத்தே பிறப்பதாயின், அது காதின் வழியேதான் வரவேண்டும் என்பது எற்றுக்கு? ஆட்டின் கொம்பை விரலாற் காட்டுதலும் அடையாளமன்றோ? இவ்வினாவுக்கு அவர் கூறும் விடை, பார்வை மிகையாகவும் தொடுகை குறைவாகவும் அறிவிக்க, கேள்வி நடுநின்று அறிவிக்கும் என்பது. விடை அழகாயிருக்கின்றது, சான்றுதான் இல்லை.

ஹேர்டருக்குப் பின் வந்தோர் ஒலியையே மேலும் இறுகப் பற்றினர். பறவை விலங்குகளின் ஒலியைப் பின்பற்றியே சொற்கள் பிறந்தன என்றனர் சிலர். வியப்பிலும் வலியிலும் இயல்பாக எழும் ஓசைகளே சொற்களாயின என்றனர் வேறு சிலர். ஒக்ஸ்போட் பேராசிரியர் மாக்ஸ் முல்லர் 1861 இல் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகளில் முன்னையதை நாய்க்குரைப்புக் கொள்கை என்றும், பின்னையதைச் சீச்சீக் கொள்கை என்றும் எள்ளினார். பொருள்களைத் தட்ட ஒலியெழுவதுபோல மனித உள்ளமும் பொருளால் தாக்குண்டு ஒலித்தது என அவர் தாமே கூறிய கொள்கையை ஏனையோர் மணியோசைக் கொள்கை எனத் திருப்பி எள்ளினர். பின்னர் அவரே அதனைக் கைவிட்டார்.

ஒலிப்போலிக் கொள்கைக்குத் தமிழிற் சான்று தேடுவோர் காக்கையையும் கூகையையும் காட்டுவர். சலசல, படபட முதலான இரட்டைக்கிளவிகளைத் துணைக்கழைப்பர். அவை உண்மையே. ஆனால் கல், மரம், நேற்று, அறம் என்பன எவ்வொலியின் போலி? சேவல் எந்நாட்டிலும் ஒரே குரலிற்றான் கூவுகின்றது. தமிழன் அதனைக் கொக்கரக்கோ என்கின்றான். பிரெஞ்சுக்காரன் கொக்கொரிக்கோ என்கின்றான். ஆங்கிலேயனுக்கோ அது கொக்கடூடில்டூ எனக் கேட்கின்றது. பின்பற்றிய ஒலியும் அவ்வம்மொழியின் எழுத்துமுறைக்கு அடங்கியே வருகின்றதாதலின், மொழி அமைந்தபின் தோன்றிய சொற்களைக் கொண்டு மொழி அமைந்த வரலாற்றை விளக்குதல் பொருந்தாது. ஐரோப்பியர் இவ்வாறு வழக்காடியமைக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னரே, ஒரு சொல் அப்பொருளை உணர்த்துதற்குக் காரணம் எளிதிற் புலப்படாது எனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறி அமைந்தார். சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள தொடர்பு இடுகுறியே என்று சொசூர் வலியுறுத்திய விரிவுரைகள் 1916 இலேயே நூலாயின. இருவர் கருத்தும் முற்றும் ஒன்றெனல் மிகை. தொல்காப்பியர் காரணமே இல்லை என்றாரல்லர், விளங்கத் தோன்றாது என்றே கூறினார். ஆய்வாளனுக்கு அவ்வடக்கமே ஏற்றது.

பாரிஸ் மொழியியற் கழகம் 1866 இல் வகுத்த விதிகளின்படி, மொழித் தோற்றம் பற்றிய கட்டுரை எதனையும் ஏற்பதில்லை என முடிவு செய்தது. சான்றின்றிப் பெருகிய கற்பனைகளைக் கண்டு சலித்தோர் செய்த செயல் அது. இதனைக் குறுகிய மனத்தின் விளைவெனப் பழிப்போர் உளர். அக்காலத்துக் கொள்கைகளை ஒருங்கு வைத்துப் படிப்போர்க்குக் கழகத்தாரின் சலிப்பு நியாயமென்றே தோன்றும்.

ஆயினும் தேடிய சான்று அதே பாரிஸ் நகரத் தெருக்களிலேயே இருந்தது. இயற்கையான கையசைவும் கூக்குரலும் கலந்த செயல்மொழியே முதன்மொழி என 1746 இல் எழுதிய கொண்டிலாக், அந்நூலிலேயே, பிறவியிற் காது கேளாது இருபத்து மூன்றாம் வயதிற் கேள்வி பெற்ற சாற்றர் நகரத்து இளைஞன் ஒருவனின் வரலாற்றைக் காட்டி, மொழியற்றவனிடத்துச் சிந்தனையும் இன்மையாகவே இருந்தது என வாதித்தார். பின்னர் லெப்பே என்னும் பாதிரியார் காது கேளாத சிறுவர்க்குச் சைகையாற் கற்பிப்பதைக் கண்டபோது அவர் கருத்து மாறியது. 1775 இல் வெளிவந்த தமது இலக்கண நூலில் அம்முறையைப் பாராட்டினார். லெப்பேயின் தொண்டு பெரிது. எனினும் மாணவர் தமக்குள் வழங்கிய சைகைகளுக்கு இலக்கணமில்லை எனக் கருதிப் பிரெஞ்சு மொழியின் விகுதிகளுக்கெல்லாம் அவர் புதுச் சைகை படைத்தார். இக்கருத்தின் பிழையை எடுத்துக்காட்டியது புத்தகங் கட்டும் தொழிலாளி ஒருவரின் நூல். பியேர் டெலோஜ் என்பது அவர் பெயர்; சிறுவயதில் அம்மை நோயாற் கேள்வி இழந்தவர். பாடசாலை வாசலையே மிதியாத காது கேளாதோர் பாரிசிலே தமக்குள் எல்லாப் பொருளையும் பற்றிச் சைகையால் உரையாடி வந்தனர் என அவர் 1779 இல் எழுதி வெளியிட்டார். மொழித் தோற்றம் பற்றி அந்நூற்றாண்டிலே எழுந்த நூல்களுள் கற்பனை மிகக் குறைந்ததும் உண்மை மிக நிறைந்ததும் இதுவே எனின் தவறாகாது. மெய்யறிஞர் எவரும் இதனை ஹேர்டரின் ஆட்டுக்கு ஒப்ப மதித்திலர்.

மொழி என்றால் பேச்சே என்ற எண்ணம் 1880 இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மகாநாட்டில் தீர்மானமாயிற்று. காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு முறையாலேயே கற்பித்தல் வேண்டும். சைகை விலக்கப்படல் வேண்டும் என்றனர். சைகை புலன்களைக் கிளறும், பேச்சே ஆன்மாவை உயர்த்தும் என்பது அங்கு ஒலித்த வாதம். காது கேளாதவரைப் பற்றிய அவ்வவையில் அவர்களின் குரல் ஏறத்தாழ இல்லை. ஐரோப்பாவின் பல நாடுகளிற் காது கேளாத ஆசிரியர் தொழிலிழந்தனர். வகுப்பிற் கையசைத்த சிறுவர் தண்டனை பெற்றனர். ஆண்டுக்கணக்காக ஒரு சில ஒலிகளை உச்சரிக்கக் கற்றும், சிந்திப்பதற்கு ஒரு முழு மொழியின்றி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அத்தீர்மானங்களை மறுத்து வருத்தந் தெரிவிக்க அதே மகாநாட்டு வரிசைக்கு 2010 ஆம் ஆண்டு வரை, 130 ஆண்டுகள், சென்றன. தமிழரும் இவ்விடயத்திற் குற்றமற்றவரல்லர். குறை காதிலிருக்க, ‘ஊமை’ எனப் பழியை வாயின்மேல் ஏற்றும் வழக்கு இன்னும் ஊர்களில் ஒழிந்தபாடில்லை.

வாஷிங்டன் நகரிலே காது கேளாதோர் பயிலும் கலோடெற் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்ரோக்கி என்பவர் 1960 இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். அமெரிக்கச் சைகைகள் ஒவ்வொன்றும் பிரிக்கவொண்ணாத படங்களல்ல. கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய சில கூறுகளாலானவை. கூறு ஒன்று மாறின் பொருளும் மாறும் என்று அவர் காட்டினார். தொல்காப்பியப் பிறப்பியல் கற்ற மாணவனுக்கு இது புதிதாகத் தோன்றாது. மிடறும் நாவும் அண்ணமும் இதழும் எழுத்துக்குப் பிறப்பிடமாவதுபோல நெற்றியும் கன்னமும் மார்பும் சைகைக்குப் பிறப்பிடமாகின்றன. மெய்ப்பாட்டியல் கூறும் நகை, அழுகை முதலியவற்றோடு இச்சைகைகளை ஒன்றாக எண்ணுதல் தவறு. மெய்ப்பாடு உள்ளத்தில் நிகழ்வது உடலிற் புலப்படுவது. எவரும் கற்பியாமலே வருவது. சைகை மொழியோ நாட்டுக்கு நாடு வேறுபடுவது, கற்றாலன்றி விளங்காதது. ஸ்ரோக்கியின் நூல் வெளிவந்த அதே ஆண்டில் ஹொக்கெற் என்னும் மொழியியலார் மனித மொழியின் இலக்கணங்கள் பதின்மூன்றை வரிசைப்படுத்தினார். அவற்றுள் முதலாவது, வாயாற் கூறிச் செவியாற் கேட்டல்!

மொழி பிறப்பதை நேரிற் காணும் வாய்ப்பு நிக்கராகுவா நாட்டிற் கிட்டியது. அங்கே 1970 களுக்கு முன்னர் காது கேளாதோர் பெரும்பாலும் தத்தம் வீடுகளிலே தனித்து வாழ்ந்தனர். வீட்டாரோடு பழகச் சில சைகைகளை அவரவரே ஆக்கிக்கொண்டனர். தலைநகர் மனாகுவாவில் 1977 இல் சிறப்புப் பாடசாலை ஒன்று தொடங்கப்பெற்றது. புரட்சி 1979 இல் வெற்றி பெற்றபின் கல்வி விரிந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தனர். ஆசிரியர் கற்பித்தது உதட்டசைவும் ஸ்பானியச் சொற்களும். அதிற் பயன் சிறிதே. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பஸ் வண்டியிலும் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பொதுவழக்கொன்றை உருவாக்கினர். அவர்கள் என்ன பேசுகின்றனர் என்பது ஆசிரியர்க்கே விளங்காமற் போகவே, 1986 இல் அமெரிக்க மொழியியலார் ஜூடி கேகல் அழைக்கப்பட்டார். அவர் கண்டது வியப்பானது. மூத்த மாணவரினும் அவர்க்குப் பின் சிறுவயதில் வந்து சேர்ந்தோரின் சைகையே விரைவும் ஒழுங்கும் இலக்கணச் செறிவும் உடையதாயிருந்தது.

ஆன் செங்காஸ் என்பாரும் துணைவரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வு இதனை நுணுகி விளக்குகின்றது. பூனையொன்று சரிவான தெருவில் உருண்டு செல்லும் கேலிச்சித்திரப் படத்தைக் காட்டி, கண்டதைச் சொல்லுமாறு மூன்று அணியினரிடம் கேட்டனர். ஸ்பானிய மொழி பேசுவோர் பேச்சோடு கைகாட்டும்போது உருளுதலையும் இறங்குதலையும் ஒரே அசைவிற் காட்டுவர். நிகழ்ச்சியும் அவ்வாறே ஒருங்கு நிகழ்வது. முதலணியினரும் பெரும்பாலும் அவ்வாறே காட்டினர். பின்வந்த அணியினரோ ‘உருளுதல்’ எனவும் ‘இறங்குதல்’ எனவும் இரண்டாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினர். உலகிற் பிரியாதிருப்பதைப் பிரித்தமையால், பிரித்த கூறுகளை வேறு கூறுகளோடும் சேர்த்துப் புதுக்கருத்துரைக்க இயலும். படங்காட்டல் என்னும் நிலை கடந்து சொல்லும் தொடரும் தோன்றிய இடம் இதுவே. இதனை ஆக்கியோர் அறிஞருமல்லர், அரசருமல்லர்; விளையாட்டுத் திடலிற் கூடிய சிறுவர்.

இச்சான்றை அளவுக்கு மிஞ்சி நீட்டுவோரும் உளர். மனிதகுலத்தின் முதன்மொழியே கைமொழிதான் என அவர் முடிவு கூறுவர். அது நாவுக்குக் கொடுத்த அரியணையைக் கைக்கு மாற்றுதலேயாம். கேள்வியுடைய மக்கட்கூட்டம் எங்கணும் பேச்சையே முதன்மையாகக் கொண்டமைக்கு அக்கொள்கையால் நிறைவான காரணம் காட்ட முடிவதில்லை. நிக்கராகுவாச் சிறுவர் ஆதிமனிதருமல்லர். மொழிக்குரிய மூளையை மரபாற் பெற்றுப் பிறந்தவர். ஆதலின், மொழியாற்றல் மனித இனத்தில் எவ்வாறு தோன்றியது என்ற வினா வேறு; அவ்வாற்றலுடையோரிடையே ஒரு மொழி எவ்வாறு பிறக்கின்றது என்ற வினா வேறு. எகிப்திய மன்னன் முதலாக மாக்ஸ் முல்லர் ஈறாக யாவரும் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கினர். பின்னையதற்கு மனாகுவா தெளிவான விடை தருகின்றது. தனித்திருந்தோர் கூடினர், கூடியோரிடம் இளையோர் கற்றனர், கற்றோர் பெற்றதினும் மிகுதியாகத் திருத்தி ஆக்கினர். ஹேர்டரின் ஆதிமனிதனோ ஆட்டின்முன் தனியனாகவே நிற்கின்றான். அடையாளத்தைப் பெற்றுக்கொள்ள அவனெதிரே வேறொருவன் இல்லை.

ஜெனி பையர்ஸ், ஆன் செங்காஸ் ஆகிய இருவரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. முதலணியினர் வளர்ந்தோராயிருந்தும் நினைத்தல், அறிதல் போன்ற மனச்செயல்களைக் குறிக்கும் சைகைகளை அரிதாகவே வழங்கினர். மற்றொருவன் தவறான எண்ணங் கொண்டு என்ன செய்வான் என்பதை ஊகித்தறியும் சோதனையிற் பெரும்பாலும் இடர்ப்பட்டனர். இளையோர் அச்சோதனையில் எளிதிற் தேறினர். ஏறத்தாழ ஈராண்டின் பின் மீண்டும் சோதித்தபோது மூத்தோரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. இடைக்காலத்தில் அவர்கள் தம்மினும் இளையோருடன் காது கேளாதோர் சங்கத்திற் கூடிப் பழகி, ‘நினைத்தல்’ என்பதற்குரிய சைகைகளை அவ்விளையோரிடமிருந்து கற்றிருந்தனர்.