பார்சல் கவுண்ட்டரும் கைபேசிச் செயலியும்

உணவகத்தின் அடுப்புக்கும் அதன் உணவை வீட்டிலிருந்தே பெற விரும்புவோரின் தட்டுக்கும் நடுவே, சமைப்பவருக்கோ உண்பவருக்கோ சொந்தமில்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று நடத்தும் கைபேசி மென்பொருளே உணவு விநியோகச் செயலி எனப்படுகிறது. விலைப்பட்டியலைத் திரையில் காட்டுவது, பணத்தைப் பெறுவது, உணவை எடுத்துச்செல்ல ஆளை அனுப்புவது ஆகிய வேலைகளை அது செய்கிறது; சமையலை மட்டும் செய்வதில்லை. இந்தியாவில் இத்துறை பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஒன்று, 2008இல் ஃபூடிபே என்ற பெயரில் உணவகங்களின் விலைப்பட்டியல்களைத் தொகுத்துத்தரும் இணையதளமாகப் பிறந்து, 2015இல் விநியோகத்தில் இறங்கிய சொமேட்டோ. மற்றொன்று, 2014இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட ஸ்விக்கி. ஊபர் ஈட்ஸின் இந்தியக் கிளையை 2020 சனவரியில் சொமேட்டோ வாங்கிக்கொண்ட பிறகு இவ்விரண்டுக்கும் ஈடான மூன்றாவது போட்டியாளர் நாடு முழுவதற்குமாக நிலைபெறவில்லை. திரையின் நிறமும் சலுகைத் திட்டங்களின் பெயரும் வேறுபட்டாலும் இரண்டின் இயங்குமுறையும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், இவ்விமர்சனம் இரண்டையும் சேர்த்தே, பயன்படுத்துவோர் கடந்துபோகும் படிகளின் வரிசையில் நோக்குகிறது.

மென்பொருள் என்ற அளவில் இச்செயலிகள் நன்றாகச் செய்யப்பட்டவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தேடல் விரைவாக இருக்கிறது, பணம் செலுத்துவதில் தடங்கல் குறைவு, வண்டியோட்டியின் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் நம்பத்தக்கது. குறை, செயலி சரியாக வேலை செய்யாத இடங்களில் இருப்பதைக் காட்டிலும், அது மிகச் சரியாக வேலை செய்யும் இடங்களிலேயே மிகுதியாக இருக்கிறது.

முகப்புத் திரையில் தோன்றும் உணவகங்களின் வரிசை, கடைத்தெருவில் கடைகள் அமைந்திருக்கும் வரிசையைப் போல இயல்பாக அமைந்ததன்று. பயனரின் பழைய ஆர்டர்கள், தூரம், மதிப்பெண் ஆகியவற்றோடு உணவகம் விளம்பரத்துக்காகச் செலுத்திய தொகையும் அவ்வரிசையை முடிவுசெய்கிறது; விளம்பரம் என்ற குறிப்போ, தேடிப் பார்ப்போர் கண்ணுக்கு மட்டுமே தட்டுப்படும் அளவில் இருக்கிறது. இதைவிடக் குழப்பம் தருவது, மேகச் சமையலறை எனப்படும் ஏற்பாடு. உட்கார்ந்து உண்ண இடமில்லாமல் விநியோகத்துக்காக மட்டுமே சமைக்கும் கூடத்துக்கு அப்பெயர். அத்தகைய ஒரே கூடம் பிரியாணிக்கு ஒரு பெயரிலும் பீட்சாவுக்கு இன்னொரு பெயரிலும் திரையில் தனித்தனிக் கடைகளாகத் தோன்ற முடியும். ஃபாசோஸ், பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன் ஸ்டோரி ஆகிய மூன்றும் ரெபெல் ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள். இதில் சட்டப்பிழை ஏதும் இல்லை. ஆயினும், வாசலில் நின்று கல்லாவையும் கூட்டத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வடையின் நிறத்தையும் பார்த்து ஒரு கடையை எடைபோட்டுப் பழகியவருக்கு, அந்த எடைபோடலுக்கு உதவும் எதையும் செயலி தருவதில்லை. மதிப்பெண்ணும் அக்குறையை ஈடுசெய்வதில்லை. வண்டி தாமதமானதற்கும் குழம்பில் உப்பு கூடியதற்கும் பயனர் இடும் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே கணக்கில் போய்ச் சேர்கின்றன.

விலைதான் இச்செயலிகளின் மிகச் சிக்கலான பகுதி. விற்கப்பட்ட உணவின் விலையில் ஒரு பங்கைச் செயலி தன் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுவது, பொதுவில் வெளியிடப்படாதது. நூற்றுக்கு முப்பதையும் தொடுவதாக உணவகச் சங்கங்கள் முறையிடுகின்றன. இதை விளக்க ஒரு கற்பனைக் கணக்கு போதும். கவுண்ட்டரில் 200 ரூபாய்க்கு விற்கும் உணவுக்கு 25 விழுக்காடு கமிஷன் என்றும், அக்கமிஷன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றும் கொண்டால், உணவகம் இழப்பது 29.5 விழுக்காடு. 5 விழுக்காடு வரி விதிப்பில் இருக்கும் உணவகங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது என்பதால் அந்த 18 விழுக்காடும் அவற்றின் கையைவிட்டே போகிறது. இதன்படி 200 ரூபாய் கைக்கு வர வேண்டுமானால் திரையில் விலையை ஏறத்தாழ 284 ரூபாயாக வைக்க வேண்டும். அதனோடு பேக்கிங் கட்டணம் 10 ரூபாய், இவ்விரண்டின்மீதும் 5 விழுக்காடு வரி, டெலிவரிக் கட்டணம் 30 ரூபாய், தளக் கட்டணம் 12 ரூபாய், பின்னிரண்டின்மீதும் 18 விழுக்காடு வரி என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 358 ரூபாய் ஆகிறது. அதே உணவைக் கவுண்ட்டரில் நின்று வாங்கினால் வரியோடு 210 ரூபாய். எல்லா உணவகங்களும் கமிஷன் முழுவதையும் விலையில் ஏற்றிவிடுவதில்லை. சில பாதியை ஏற்றிப் பாதியைத் தாங்கிக்கொள்கின்றன, சில அளவைக் குறைக்கின்றன. அளவு குறைந்த பார்சலின் படம் மட்டும் திரையில் நிறைவாகவே இருக்கும்.

மேற்கண்ட கணக்கில் இடம்பெற்ற தளக் கட்டணம் தனிக் கவனத்துக்குரியது. உணவுக்காகவோ அதைக் கொண்டுவருவதற்காகவோ அல்லாமல், செயலியைப் பயன்படுத்துவதற்காகவே ஒவ்வோர் ஆர்டருக்கும் விதிக்கப்படும் தொகை அது. 2023இல் ஏப்ரலில் ஸ்விக்கியும் ஆகஸ்டில் சொமேட்டோவும் 2 ரூபாயாக அதைத் தொடங்கின. 2024 அக்டோபர் பண்டிகைக் காலத்தில் 10 ரூபாயானது. 2025 செப்டம்பரில் சொமேட்டோ அதை 12 ரூபாயாக்கியது. அதே மாதம் 22ஆம் நாள் முதல் டெலிவரிக் கட்டணத்துக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தது. இரண்டு ரூபாயில் தொடங்கியது என்பதே இதன் சூட்சுமம்: இரண்டு ரூபாய்க்காக எவரும் செயலியை நீக்குவதில்லை.

இத்தனை கட்டணங்களும் பில்லில் வரிவரியாக எழுதப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் அவை தோன்றும் இடம் கடைசித் திரை. கடையைத் தேர்ந்து, பண்டத்தைத் தேர்ந்து, பசியும் வளர்ந்துவிட்ட பிறகு வரும் திரை. பயனரை அவர் விரும்பாத முடிவுக்குத் தள்ளும் திரை அமைப்புகளை இருண்ட வடிவமைப்புகள் என்று பெயரிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்தது. அவற்றில் பட்டியலிடப்பட்ட 13 வகைகளுள் ஒன்று, விலையின் கூறுகளை முன்னதாகக் காட்டாமல் சொட்டுச்சொட்டாக வெளிப்படுத்துவது. குறிப்பிட்ட ஒரு கட்டணம் அவ்வரையறைக்குள் வருமா என்பதைத் தீர்ப்பது ஆணையத்தின் வேலை. முதல் திரையிலேயே மொத்தத் தொகையைக் காட்டுவது தொழில்நுட்ப அளவில் கடினமானதன்று என்பதைச் சொல்வது விமர்சனத்தின் வேலை. சலுகைகளும் இதே பாங்கினவை. 60 விழுக்காடு தள்ளுபடி, 120 ரூபாய் வரை என்று அறிவிக்கப்படும் ஒரு சலுகை 200 ரூபாய் வரையிலான ஆர்டருக்கு மட்டுமே 60 விழுக்காடு. 400 ரூபாய்க்கு அது 30 ஆகிவிடுகிறது.

செலவை விட்டுவிட்டு உணவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், தமிழ்நாட்டு உணவு விடுதிகளின் பண்டங்களில் பெரும்பகுதி பயணத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தோசையின் மொறுமொறுப்பு என்பது அதன் மேல்தோல் ஈரம் வற்றி உலர்ந்திருக்கும் நிலை. மூடிய பெட்டிக்குள் அதன் உட்பகுதியிலிருந்து வெளிவரும் ஆவி மூடியில் நீராகி அத்தோலின்மீதே படிவதால், கால் மணி நேரத்துக்குள் அது துவண்டுவிடுகிறது. உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தத்தால் உப்பி நிற்கும் பூரி, ஆறத் தொடங்கியதும் அமுங்குகிறது. பொங்கலின் நிலை இன்னும் பரிதாபம்: வெந்து இளகிய மாவுச்சத்து ஆறும்போது தன் மூலக்கூறுகளை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்வதை மீள்படிகமாதல் என்பர், அது நிகழ நிகழப் பொங்கல் இறுகுகிறது, நெய் தனியே உறைகிறது, மிளகு மட்டும் மாறாமல் இருக்கிறது. மாறாக, பிரியாணி ஏற்கெனவே மூடிய பாத்திரத்தில் தன் ஆவியிலேயே வெந்தது, ஆகவே இன்னொரு மூடிய பெட்டி அதற்குப் புதிதன்று. ஸ்விக்கி ஆண்டுதோறும் வெளியிடும் ஆர்டர் தொகுப்புகளில் பிரியாணி தொடர்ந்து முதலிடம் பெற்றுவருவதற்கு ருசியோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கொத்து பரோட்டாவும் தாக்குப்பிடிக்கும். சால்னா தனிப் பொட்டலத்தில் வந்தால் பரோட்டாவும் ஓரளவு பிழைக்கும். செயலியோ இவ்வேறுபாட்டைப் பயனருக்குச் சொல்வதில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடையின் நெய் ரோஸ்ட்டையும் அதே தன்னம்பிக்கையோடு பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிப் பொருள்கள் பலவும் தடைசெய்யப்பட்டபோது பார்சல் கவுண்ட்டர்களில் வாழையிலையும் பாத்திரமும் மீண்டும் தலைகாட்டின. வண்டிப் பையில் குலுங்கிப்போகும் உணவுக்கோ சிந்தாத மூடிப் பெட்டி வேண்டியிருப்பதால், வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் எடுத்துப்போகும் வழக்கத்துக்கு இச்செயலிகளில் இடமே இல்லை.

உணவு வரும் நேரத்தைச் செயலி நிமிடக் கணக்கில் முன்னறிவிக்கிறது. அக்கணிப்பு தவறும்போது விளைவைத் தாங்குபவர் வண்டியோட்டியே. டெலிவரி பார்ட்னர் என்று அழைக்கப்பட்டாலும் அவர் கூட்டாளியும் அல்லர், ஊழியரும் அல்லர். ஆர்டருக்கு இவ்வளவு என்று பெறுபவர். உணவகத்தில் காத்திருக்கும் நேரமும், பழைய எண் புதிய எண் என்று இரண்டு கதவிலக்கங்களைச் சுமக்கும் சென்னைத் தெருக்களில் வீட்டைத் தேடும் நேரமும் அவருடையவை. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இத்தொழிலாளர்களுக்கென நலவாரியம் அமைத்தது. இத்தகைய நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்குச் செலுத்த வகைசெய்யும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

உணவு கெட்டிருந்தாலோ மாறி வந்தாலோ என்ன நேர்கிறது என்பதே எந்தச் சேவைக்கும் உண்மையான சோதனை. செயலி பயனரை உரையாடல் பெட்டிக்குள் அழைத்துச்சென்று, முன்கூட்டியே எழுதப்பட்ட சில காரணங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பயனரின் காரணம் அப்பட்டியலில் இல்லையென்றால் அவருடைய குறைக்குப் பெயரே இல்லாமல் போகிறது. பெட்டிக்கு மறுபுறம் இருப்பவர் அந்தச் சமையற்கூடத்தைப் பார்த்தவர் அல்லர். பல நேரங்களில் பயனரின் மொழியை அறிந்தவரும் அல்லர். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் சொமேட்டோவின் உதவிப் பிரிவு ஊழியர் இந்தி தேசிய மொழி என்று கூறியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானபோது, நிறுவனம் தமிழில் மன்னிப்புக் கேட்டதோடு, செயலியின் தமிழ் வடிவம் உருவாகிவருவதாகவும் கோயம்புத்தூரில் உதவி மையம் அமைவதாகவும் அறிவித்தது. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலரை அமர்த்தி, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவ்வலுவலரின் முகவரி செயலியின் உள்ளறைகளில் எங்கோ இருக்கிறது. தள்ளுபடிக் கூப்பன் இருக்கும் இடத்தில் இல்லை.

இத்தனைக்கும் அடியில் ஓடும் குறை ஒன்று உண்டு. உண்பவருக்குச் சமைப்பவரைத் தெரியாமல் வைப்பதைப் போலவே, சமைப்பவருக்கும் உண்பவரைத் தெரியாமல் செயலி வைத்துவந்திருக்கிறது. நாள்தோறும் வாங்குபவர் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்பதை உணவகத்துக்குக் காட்டாமல் மறைப்பது, இந்தியத் தேசிய உணவகச் சங்கம் 2021இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் அளித்த புகாரின் ஒரு பகுதி. அதன்மீது ஆணையம் 2022 ஏப்ரலில் இரு நிறுவனங்கள்மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது; சில கடைகளுக்கு முன்னுரிமை தருதல், வேறிடத்தில் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்ற விலைச் சமநிலை நிபந்தனை ஆகியவை விசாரணைக்குரியவையாக அதில் குறிப்பிடப்பட்டன. நாமக்கல் உணவக உரிமையாளர்கள் ஆணையத்துக்காகக் காத்திருக்கவில்லை. கமிஷனும் மறைமுகக் கட்டணங்களும் கட்டுப்படியாகவில்லை என்று கூறி, 2025 சூலை 1 முதல் இரண்டு செயலிகளிலும் ஆர்டர் எடுப்பதை நிறுத்துவதாக அறிவித்து, கமிஷனுக்குப் பதிலாக நிலையான கட்டணம் பெறும் சாரோஸ் என்ற செயலியின் பக்கம் திரும்பினர்.

இரவு நெடுநேரமான பின்பும், வீட்டில் நோயாளி இருக்கும்போதும், அறிமுகமில்லாத ஊரில் தங்கியிருக்கும்போதும் இச்செயலிகள் தரும் உதவிக்கு ஈடில்லை. அந்நேரத்துக்கு அவற்றின் விலை நியாயமானதே. தெருமுனைக் கடையின் காலைச் சிற்றுண்டிக்கு அவை தேவையற்றவை, தோசைக்கும் பொங்கலுக்கும் தீங்கானவை. பக்கத்து உணவகங்கள் பலவும் தொலைபேசியில் ஆர்டர் எடுத்துக்கொண்டு பார்சலைக் கட்டிவைக்கின்றன; அவற்றின் எண் பில்லின் தலைப்பிலேயே அச்சிடப்பட்டு வருகிறது.