கோவிந்தாச்சாரி வெட்டிய பால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கரிசலாங்கண்ணியை யாரும் விதைப்பதில்லை. இரண்டு மழை பெய்தால் கால்வாய் ஓரத்தில் தானே முளைத்துவிடும். மலாய்க்காரர்கள் அதை உராங்-ஆரிங் என்பார்கள், தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள். ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அது முதலில் காமாலைக் கீரை, அப்புறம்தான் கூந்தல் தைலம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, அவருக்குத் தெரியாமல் கரிசலாங்கண்ணியை மோரில் அரைத்துக் குடித்தவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். எது குணப்படுத்தியது என்று கேட்டால் கீரை என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் கீரைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான பதில் 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து வந்தது. டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய தோழர்கள் கே. நாகராஜனும் பி. ஆர். பாயும் எடுத்துக்கொண்டது மஞ்சள் கரிசலாங்கண்ணி. அதிலிருந்து பிரித்த பொருளுக்கு, செடியின் அன்றைய லத்தீன் பெயரான வெடேலியாவை ஒட்டி, வெடெலோலாக்டோன் என்று பெயர். அணுக்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டு, படமாக வரைந்து வெளியிட்டார்கள். இன்று ஒரு பிற்பகலில் கருவி காட்டிவிடும் வேலை இது. அன்று மூலக்கூறைக் காரத்தில் உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, அவற்றிலிருந்து முழு உருவத்தை ஊகித்து, ஊகம் சரிதானா என்று மறுபடி சோதிக்க வேண்டும். சிதறிய சட்டியின் ஓடுகளைப் பொறுக்கி, அது என்ன வடிவச் சட்டி என்று சொல்வதைப் போல. ஓடுகளோ கண்ணுக்குத் தெரியாதவை.

1915-இல் சென்னையில் பிறந்த கோவிந்தாச்சாரி அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் பயின்று திரும்பியவர். 1960-இல் வேதியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். 1963-இல் பம்பாய் கோரேகாவில் சுவிஸ் நிறுவனமான சீபா தொடங்கிய ஆய்வு மையத்தின் இயக்குநரானார். ஓய்வுக்குப் பின் சென்னைக்குத் திரும்பி, முதுமையிலும் ஸ்பிக் அறக்கட்டளையின் ஆய்வகத்தில் வேப்பங்கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். 2001-இல் மறைந்தார். பட்டியலிட இவ்வளவு போதும். ஒரு வேதியியலாளரின் வாழ்க்கை பதவிகளில் இல்லை, பிரித்தெடுத்த பொருள்களில் இருக்கிறது.

என்னை உறுத்துவது அடுத்த முப்பது ஆண்டுகள். வெடெலோலாக்டோனின் படம் 1956-இல் அச்சாகிவிட்டது. அந்தச் செடி கல்லீரலுக்கு நல்லது என்று சித்த வைத்தியர்கள் சொல்லிவந்தது அதற்கும் மிக முன்பு. இந்தப் பொருள்தான் கல்லீரலைக் காக்கிறது என்று சோதித்துக் காட்டிய ஆய்வு வந்ததோ 1986-இல், ஜெர்மனியின் வாக்னரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது. சென்னையில் வேதியியல் கூடத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இடையே பஸ் கட்டணத் தூரம்தான் இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க மூலக்கூறு ம்யூனிக் வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது.

ஒரே ஒரு முறை இப்படி நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நஞ்சறுப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவுக்கு அதன் இலையை மெல்லச் சொல்வது நாட்டு வழக்கம். அதிலுள்ள டைலோபோரின் என்ற ஆல்கலாய்டின் அமைப்பை 1950-களின் இறுதியில் தீர்த்ததும் கோவிந்தாச்சாரி குழுதான். பத்தாண்டு கழித்துத் தில்லியில் சிவபுரி என்ற மருத்துவர் அதே இலையை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்து, போலி இலையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தார். சிலருக்கு நிவாரணம் வாரக்கணக்கில் நீடித்தது. மூலக்கூறு சென்னையில், நோயாளி தில்லியில். இரண்டும் ஒரு மேசைக்கு வரவில்லை. இந்த வகைப் பொருள்களின் புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றலைத் துருவியவர்கள் அமெரிக்கர்கள். டைலோபோரினின் நெருங்கிய உறவான டைலோகிரெப்ரினை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது என்று 1960-களிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ரப்பர்க் காட்டில் வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்ததும் என்ன தோன்றும்? பால் இங்கே வடிகிறது, டயர் வேறெங்கோ உருள்கிறது. விடிகாலையில் கத்தியோடு போய், மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவும் கைத்திறன் சாமானியமானதல்ல. கோவிந்தாச்சாரியின் கைத்திறனும் அப்படித்தான். ஆனால் மங்குக் கோப்பையில் சேர்ந்த பால் என்னவாகிறது என்று தீர்மானிக்கும் இடத்தில் வெட்டியவர் இருப்பதில்லை. எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். இந்திய வேதியியலுக்கு அப்படி ஒரு சங்கம் அமையவில்லை.

ஒப்புமை ஓர் இடத்தில் நொண்டுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பால் கப்பலேறினால் இங்கே குறைந்துவிடும். அறிவு அப்படிக் குறையாது. கோவிந்தாச்சாரி மறைத்துவைக்காமல் அச்சிட்டதால்தான் வாக்னர் முப்பது ஆண்டு கழித்து எடுத்துப் படிக்க முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி ஒன்றிலிருந்து 1970 வாக்கில் அவரும் பார்த்தசாரதியும் கண்ட அன்சிஸ்ட்ரோகிளாடின் இன்னும் நல்ல சான்று. மூலக்கூறின் இரண்டு பாதிகளை இணைக்கும் பிணைப்பு சுழல முடியாமல் பூட்டிக்கொண்டிருக்கும் விசித்திரமான அமைப்பு அது. அதைத் தொடர்ந்து ஜெர்மனியின் பிரிங்மான் ஒரு பெரிய ஆய்வுத் துறையையே வளர்த்தார். கேமரூன் காட்டிலிருந்து கிடைத்த அதே குடும்பத்து மிஷெலமின், எய்ட்ஸ் கிருமிக்கு எதிராக நம்பிக்கை தந்து, பின் நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டது. மருந்து வரவில்லை. ஆனாலும் அந்த வழியைத் திறந்தது எந்தக் கத்தி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆகவே ‘எத்தனை மருந்து கண்டுபிடித்தார்?’ என்று அவரை அளப்பது அநியாயம். இன்று நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்கு ஸ்கோபஸ் எண்ணிக்கையும் எச்-குறியீடும் கேட்கிறார்கள். மேற்கோள் எண்ணிக்கையால் ஆய்வாளரை அளக்கும் எச்-குறியீடு என்ற அளவுகோல் பிறந்ததே 2005-இல், கோவிந்தாச்சாரி போய் நான்கு ஆண்டுக்குப் பின். அதை வைத்து அவரை அளந்தால், ஒரு மூன்று பக்கக் கட்டுரை வெறும் ஓர் எண்ணாகிவிடும். என் பார்வையில் அவருடைய புகழும் பழியும் ஒருசேரத் தங்கியிருப்பது அந்த மூன்று பக்கத்தில்தான்.

அது 1972-இல் வந்தது. அமெரிக்காவில் வால், வானி என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்து அப்போது ஆறு ஆண்டு ஆகியிருந்தது. புற்றுக் கட்டிகளுக்கு எதிராக அதன் வீரியம் பெரிது, மரத்தில் அது கிடைக்கும் அளவோ சிறிது. மேப்பியா ஃபெடிடா என்று அன்று அழைக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைச் சிறுமரத்தில் அதே கேம்ப்டோதெசின் தாராளமாக இருப்பதைக் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அறிவித்தார்கள். பூவின் நாற்றத்தால் கன்னடத்தில் துர்வாசனெ மரம் என்று ஒதுக்கப்பட்ட மரம்.

முதல் மருத்துவச் சோதனைகள் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியதால் கேம்ப்டோதெசின் சில காலம் கிடப்பில் கிடந்தது. 1985-இல் அது செல்லுக்குள் எந்த நொதியைப் பிடிக்கிறது என்பது தெரிந்தது. அதன் திருத்திய வடிவங்களான டோபோடெகானும் இரினோடெகானும் 1996-இல் அமெரிக்க அனுமதி பெற்றன. இரினோடெகானைப் பெருங்குடல் புற்றுக்கு இன்று எங்கள் பக்கத்து ஈப்போவிலும் ஏற்றுகிறார்கள். மூலப்பொருளுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் துர்வாசனெ மரத்தை வேரோடு வெட்டி மூட்டை கட்டினார்கள். சில இடங்களில் மரம் அருகிவிட்டது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் எச்சரிக்க வேண்டிய நிலை வந்தது. கட்டுரை எழுதியவர்கள் கோடாரி எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் ‘இங்கே நிறைய இருக்கிறது’ என்று ஒரு காட்டைப் பற்றி அச்சில் சொல்வது வெறும் வேதியியல் செய்தி அல்ல. அந்தத் தலைமுறைக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் கட்டாயமும் இல்லை. மரத்தைக் காட்டிக்கொடுத்தவரோ மலைக்கு வழிகாட்டியவரோ எந்தக் கட்டுரையிலும் பெயராக வருவதும் அபூர்வம்.

நம் பக்கத்தில் சரவாக் இதைக் கொஞ்சம் முன்கூட்டியே உணர்ந்தது. 1987-இல் அங்கே சேகரித்த பிந்தாங்கோர் மர மாதிரியில் கலனோலைட் ஏ என்ற, எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் பொருள் கிடைத்தது. மறுபடி மாதிரி எடுக்கப் போனபோது முதல் மரம் வெட்டப்பட்டிருந்தது. பதறிப்போன மாநில அரசு ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு பங்குக் கூட்டாளியாகியது, 1997-இல் பல்லுயிர் மையத்துக்கே தனிச் சட்டம் போட்டது. கலனோலைட் இன்னும் மருந்தாகவில்லை. ஆனால் பால் வெட்டியவனுக்கும் மேசையில் ஒரு நாற்காலி உண்டு என்ற எண்ணமாவது சட்டத்தில் ஏறியிருக்கிறது.

சீபாவில் கோவிந்தாச்சாரிக்கு அந்த மேசை ஓரளவு கிடைத்தது என்று சொல்ல வேண்டும். வேதியியலாளர்களும் உயிரியலாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்த கோரேகாவிலிருந்து மனச்சோர்வுக்கான நைட்ராக்ஸஸெபின், சின்டமில் என்ற விற்பனைப் பெயரோடு, கடைக்கே வந்தது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர், கரிசலாங்கண்ணியில் அவரோடு நின்ற அதே நாகராஜன். (அந்த மாத்திரையின் பெயரில் ‘தமிழ்’ என்று என் காதில் விழுவது மயக்கமாகவே இருக்கட்டும்.) ஆக, கல்லூரிக் கூடத்தில் குறையாக இருந்தது ஆளின் திறமை அல்ல, பக்கத்து அறை. அந்தப் பக்கத்து அறையைக் கட்டித்தர ஒரு சுவிஸ் முதலாளி வேண்டியிருந்தது. எதை ஆராய்வது, எதை நிறுத்துவது என்ற முடிவும் அவனிடமே இருந்தது.

கடைசியில் வேம்பு. அசாடிராக்டினைப் பல ஆய்வுக்கூடங்கள் மோதி 1985-இல்தான் வரைந்து முடித்தன. கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே அதைச் செயற்கையாகக் கட்டி முடிக்க 22 ஆண்டு ஆயிற்று. கோவிந்தாச்சாரி அந்தப் போட்டியில் ஓடவில்லை. கொட்டைச் சாற்றிலிருந்து அசாடிராக்டின் வகைகளை ஒவ்வொன்றாகத் தூய்மையாகப் பிரிக்கும் எளிய வழியைத் தேடினார், பூச்சிகளின் மேல் சோதிக்கும் குழு பக்கத்திலேயே இருக்க. பிழையை அவர் உணர்ந்து திருத்திக்கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி எழுதினால் கதை கட்டுவதாகிவிடும். ஆனால் எண்பதை நெருங்கிய கை, இம்முறை பயன்படுத்துகிறவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தது.

சுங்கை சிப்புட் சந்தையில் போன வாரம் கட்டுக்கட்டாகக் கரிசலாங்கண்ணி வந்திருந்தது. பூ வெள்ளையா மஞ்சளா என்று கேட்டேன். சென்னையில் 1956-இல் எடுத்தது மஞ்சள், லயத்தில் மோரில் அரைத்தது வெள்ளை, இரண்டிலும் வெடெலோலாக்டோன் உண்டு என்று பின்னால் தெரிந்தது. விற்ற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, ஈரலுக்கு நல்லது. ரெண்டு வெள்ளி.”